கப்பலேறாத அன்னாசி ஒயின்

சென்னைத் துறைமுகத்தின் பயணியர் முனையத்தில், பைகளைச் சோதிக்கும் வரிசையில் நாங்கள் நால்வர் நின்றிருந்தோம். நான், என் மனைவி, நர்சு அக்கா, நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் அவர் கணவர். அக்காவின் பெட்டியில், பழைய வாயில் சேலையில் சுற்றிய சத்துமாவு பாட்டிலுக்குள் அன்னாசி ஒயின் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். முனையத்தின் மூலையில் பிளாஸ்டிக் மரம் ஒன்றை இன்னும் கலைக்காமல் வைத்திருந்தார்கள்.

அந்த ஒயினைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்போது அக்கா மலைமேல் செம்மேட்டில் அரசு நர்சு. அவர் கணவருக்கு அங்கேயே ஒன்றிய அலுவலகத்தில் வேலை. என் மனைவி வாசலூர்பட்டிப் பள்ளியில் டீச்சர். நான் நாமக்கல்லில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டு, வாரக் கடைசியில் மலை ஏறுவேன். மழைக்காலம் முடியும்போது, சந்தையில் விற்காமல் மிஞ்சிய சின்ன அன்னாசிகளை அக்கா வாங்கி, தோலோடு நறுக்கிச் சர்க்கரை போட்டு, குடியிருப்பின் அடுக்களை மூலையில் துணி கட்டி வைப்பார். கிறிஸ்துமஸ் முடிந்த ஏதோ ஒரு மாலையில் நால்வரும் ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் குடிப்போம். அவ்வளவுதான். என் மனைவி அந்த ஒரு டம்ளரைத் தவிர வாழ்க்கையில் வேறு மது தொட்டதில்லை. அதை மது என்று ஒப்புக்கொண்டதும் இல்லை.

எல்லோரும் மாற்றலாகி, ஓய்வு பெற்றுச் சமவெளிக்கு இறங்கிய பிறகும் அது நிற்கவில்லை. யாராவது மலைக்குப் போய்ப் பழம் வாங்கி வருவோம். அக்கா ஊற வைப்பார். விட்டுப்போன வருடம் என்று ஒன்று கிடையாது. அடுத்த மாதம் அவர்களைக் கனடாவுக்கு மகன் அழைத்துக்கொள்ளப் போகிறான் என்றானபோது, நால்வரும் சேர்ந்து எங்காவது போய்வரலாம் என்று முடிவு செய்தோம். கப்பல் என்பது அண்ணனின் யோசனை. ஒயினைக் கப்பலில் வைத்துக் குடிப்பது என்பது அக்காவின் யோசனை. அதன் பிறகு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெளியிலிருந்து உணவும் மதுவும் கொண்டுவரக் கூடாது என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். வரிசையில் பாதிப் பேர் அதற்கு வழி கண்டுபிடித்துத்தான் வந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற இளைஞர்கள் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலைப் பற்றி ரொம்பவும் சிரித்தார்கள். அது கொப்பளிப்பதற்கானது இல்லை என்று தெரிந்தது. பாட்டில் சோதனைப் பெட்டிக்குள் போய் வெளியே வந்தது. யாரும் திறக்கச் சொல்லவில்லை.

எங்களுடையதும் ஒருவேளை அப்படியே போயிருக்கும். அதற்குள் அக்கா கைப்பையிலிருந்து தூக்குப்போசியை எடுத்துத் திறந்துவிட்டார். உள்ளே அன்று காலையில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம்.

மலைப் பேருந்தில் நாங்கள் எல்லோரும் பழகிய வழக்கம் அது. மலையடிவாரக் காரவள்ளியில் வண்டி நிற்கும்போது சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால், முதல் பங்கு டிரைவருக்கு. பிறகு கண்டக்டருக்கு. அதன் பிறகே நம் வாய்க்கு. அத்தனை வளைவிலும் ஸ்டியரிங்கை ஒடிக்கிறவர் பசியோடு இருக்கக் கூடாது என்பது அக்காவின் கட்சி. மறுத்த டிரைவரை நான் பார்த்ததில்லை. இட்லியோ பலாச்சுளையோ, ஒரு கையால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். ஒருமுறை ஒரு டிரைவர், “நர்சம்மா லீவுன்னா எங்களுக்கும் பட்டினிங்க” என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். சீருடை போட்ட மனிதர், பயணம் தொடங்கும் இடம், கையில் பலகாரம். அக்காவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

சோதனை அதிகாரி இளைஞர். அக்கா அவர் முன்னால் போசியை நீட்டி, “மொதோ துண்டு நீங்க எடுத்துக்கங்க சாமி. காத்தால சுட்டதுதான்” என்றார்.

அவர் எடுக்கவில்லை. இரண்டடி பின்னால் போனார். தலைக்கு மேலிருந்த கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தார். வந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பெட்டி மேசைமேல் ஏறியது. சேலை பிரிந்தது. பாட்டில் வெளியே வந்தது.

கடையில் வாங்கி மூடி உடைக்காத பாட்டிலாக இருந்தால் சீட்டுக் கட்டி வைத்திருந்து, திரும்பும்போது கொடுப்பார்களாம். வீட்டில் செய்தது, லேபிள் இல்லாதது என்றால் அந்தப் பேச்சே கிடையாது. கொட்ட வேண்டும், அல்லது வெளியே யாரிடமாவது கொடுக்க வேண்டும். எங்களை இறக்கிவிட்ட கார் எப்போதோ போய்விட்டது.

“ஏனுங்க, மோந்தாவது பாருங்க. பழந்தானுங்க” என்றார் அக்கா.

அந்தப் பெண் முகர்ந்து பார்த்தார். நல்ல வாசனை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அனுப்ப முடியாது என்றார். அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. தானே கழுவுமிடத்துக்கு நடந்துபோய், சாய்த்துப் பிடித்து, வண்டல் வரும்வரை ஊற்றினார். பாட்டிலைத் தண்ணீர் விட்டு அலசிக் குப்பைக்கூடையில் வைத்தார். கச்சாயமும் உள்ளே வரவில்லை. அண்ணன் மெதுவாக, “உடு. மேல போனா ஆயிரம் பாட்டல் இருக்குது” என்றார்.

கப்பலில் உண்மையிலேயே ஆயிரம் பாட்டில்கள் இருந்தன. முதல் மாலை நான் நான்கு கோப்பை ஒயின் வரவழைத்தேன். அக்கா கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், கீழே வைத்தார். “நல்லாத்தான் இருக்கும் தம்பி. நீங்க குடிங்க. நம்ம கணக்குல இது சேராது” என்றார். நாங்களும் குடிக்கவில்லை.

மறுநாள் காலை உணவுக் கூடத்தில், பழங்கள் அடுக்கும் மேசைக்கு எதிரே அக்கா வெகுநேரம் நின்றார். தொப்பி வைத்த சமையல்காரர் அன்னாசியைச் சீவிக்கொண்டிருந்தார். தோல் ஒரு தட்டில் குவிந்தது. அக்கா பழத்தைக் கேட்கவில்லை, தோலைக் கேட்டார். சமையல்காரருக்குத் தமிழ் தெரியவில்லை. என் மனைவி இந்தியில் எடுத்துச் சொன்னார். எதற்கு என்று அவர் கேட்க, என் மனைவி சற்று யோசித்து, முகத்துக்குப் பூச என்றார். ஒரு டீச்சர் அவ்வளவு நேராகப் பொய் சொல்லி நான் பார்த்தது அப்போதுதான்.

தேநீர் மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்கள் எங்கள் நால்வர் பைகளிலும் ஏறின. பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றில் தோலும் சர்க்கரையும் தண்ணீரும் போட்டு, அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்தார் அக்கா. குளிர் ஆகாது என்று அறையின் ஏசியை நிறுத்திவிட்டார். பயணம் முடியும்வரை அண்ணன் மேல்தளத்திலேயே கிடந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “கடல் பாக்க வந்தேனா, பாட்டலுக்குக் கங்காணியா வந்தேனான்னு தெரீல. ரூமு முச்சூடும் ராசிபுரத்து வெயிலு” என்றார். காலையும் மாலையும் அக்கா மூடியை லேசாகத் திருகுவார். உஸ்ஸென்று காற்று வெளியேறும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் மற்றவர்களோடு பேசத் தொடங்குவார். இலங்கைக் கரையில் எல்லோரும் இறங்கிச் சுற்றப் போன நாளில் அவர் இறங்கவில்லை.

திரும்பும் பயணத்தின் கடைசி மாலை, அவர்கள் அறையில் கட்டில் விளிம்பில் நால்வரும் உட்கார்ந்தோம். பல் துலக்க வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களில், தன் பருத்தித் துப்பட்டாவின் நுனியால் வடிகட்டி அக்கா ஊற்றினார். கலங்கிய மஞ்சள். ஓரத்தில் மெல்லிய நுரை. இனிப்பு பாதி போயிருந்தது. புளிப்பு பாதி வந்திருந்தது. ஒயினாக வேண்டுமென்றால் இன்னும் பல வாரம் ஆகும் சரக்கு. அதற்கு அவர்களிடம் நாள் இல்லை.

“இன்னும் ஆகல” என்றார் அக்கா. நாக்கைச் சப்புக்கொட்டி மறுபடி குடித்துப் பார்த்தார். “கெட்டும் போகல.”

“அப்ப இந்த வருசம் கணக்குல வருதா, இல்லியா?” என்று கேட்டார் அண்ணன்.

“நாலு பேரும் குடிச்சாச்சில்ல?” என்றார் அக்கா. என் மனைவியின் டம்ளரில் பாதி அப்படியே இருந்ததைப் பார்த்துவிட்டு, “குடி கண்ணு, மிச்சம் வெக்காத” என்றார்.

என் மனைவி குடித்து முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.