றிப்னாவின் ஜன்னலும் முனாபின் புகைபோக்கியும்

முனாபுக்கு உலகத்தில் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது சூடு வீணாவதுதான். மனைவி கமீலா சோற்றுப் பானையைத் திறந்துபோட்டு யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்மாந்துறை அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பொயிலருக்கு உமி தள்ளியே இளமையைக் கழித்தவர். அந்தப் புத்தி எங்கே போகும்?

இப்போது கல்முனைக்குடியில் கமீலாவின் வீட்டு வளவிலேயே வாகனம் கழுவும் இடம் நடத்துகிறார். ஒலுவிலிலிருந்து வரும் மீன் லொறிகளின் நெய்ப்பிசுக்கு பச்சைத் தண்ணீருக்கு அசையாது, கொதிநீர் வேண்டும். அதற்காக வாங்கிப்போட்ட பழைய பொயிலர்தான் அவருடைய பிழைப்பு, பெருமை, தலைவலி எல்லாம்.

அந்த உழைப்பில்தான் பொயிலர் நிற்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் மகள் றிப்னாவுக்கு மாடி வீடு எழும்பியது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் இந்த ஊரில் எந்த வாப்பா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்? நோன்புக்கு முன் அவளுக்கு நிக்காஹ் என்று நாள் குறித்தாயிற்று. பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று.

“வாப்பா, மேல கடல் பக்கம் ஒரு ஜன்னல் வெச்சுத் தாங்க. வேற ஒண்டும் கேக்கமாட்டன்.”

அந்த நேரம் பார்த்துத்தான் பொயிலர் கழுத்தை அறுத்தது. மத்தியானம் கடற்காற்று எழும்பினால் போதும், மேலே போகவேண்டிய புகை அடுப்பு வாயால் திரும்பி வந்தது. உமி மலைபோல் எரிந்தும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. லொறிக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். முனாப் ஈர உமி தந்தாய் என்று ஆலைக்காரனோடு சண்டை பிடித்தார். குழாய்க் கரியெல்லாம் சுரண்டினார். புகை திரும்பி வருவது நிற்கவில்லை.

கமீலாவின் தம்பி மிஹ்லார் கட்டாரில் ஏசி திருத்தியவர். யோசனைக்குக் குறைவே இல்லை.

“மச்சான், சூடெல்லாம் வானத்துக்குப் போகுது. புகைபோக்கிட வாயக் கொஞ்சம் ஒடுக்குங்க.”

ஒடுக்கினார். கொட்டில் முழுக்கப் புகை நிறைந்து, முனாப் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கமீலாதான் கைலாகு கொடுத்து வெளியே இழுத்து வந்தாள்.

“இந்த இரும்ப வித்துப்போட்டு மனிசனா இரிங்க. ஏலாட்டி அதையே நிக்காஹ் முடிச்சிக்கங்க.”

ஒடுக்க வைத்த தகரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எரிச்சலோடு மாடிக்கு ஏறினார், ஜன்னல் நிலையையாவது பார்ப்போமென்று. தலையை வெளியே நீட்டியதும் முகத்தில் அடித்தது அவருடைய சொந்தப் புகை. குனிந்து பார்த்தார். வளவிலேயே உயரமாக நின்ற புகைபோக்கி இப்போது அவருடைய காலுக்குக் கீழே நின்றது. கடலிலிருந்து வந்த காற்று புதுச் சுவரில் மோதி, கீழே புரண்டு, புகையைக் குழாய்க்குள்ளேயே அமுக்கிக்கொண்டிருந்தது. சுவரைக் கட்டியது யார்? அவரேதான். ஏசுவதற்கு ஒருவரும் அகப்படாததில் கோபம் இன்னும் கூடியது.

புகைபோக்கியைக் கூரைக்கு மேல் உயர்த்தலாம். ஆனால் அந்தக் கறுத்த குழாய் ஜன்னலுக்கு நேரே நின்று கடலை மறைக்கும். கரி அறைக்குள் வரும்.

“ஜன்னல அடைச்சா விசயம் முடிஞ்சிது,” என்றார் மிஹ்லார்.

றிப்னா தலையைக் குனிந்தபடி சொன்னாள்: “அடைங்க வாப்பா. பரவால்ல.”

“பரவால்ல எண்டு சொல்லாத புள்ள. அந்தச் சொல்லக் கேக்க எனக்கு ஏலா,” என்று சீறினார் முனாப்.

அந்த வாரமே பொயிலரைப் பிடுங்கி, பழைய வீட்டின் மறுபக்கம், தானும் கமீலாவும் படுக்கும் அறையோடு ஒட்டிப் பொருத்தினார். பழைய வீடு தாழ்வானது, காற்றை மறிக்காது. புகை தடையில்லாமல் மேலே போனது. ஆனால் கொதிநீர் வீட்டைச் சுற்றி லொறிகளிடம் போகவேண்டும். குழாய்க்குச் சாக்கும் தும்புக் கயிறும் சுற்றினார். கமீலாவின் பழைய போர்வையும் போனது.

மிஹ்லார் குழாயைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “மச்சான், பாதிச் சூடு வழியிலயே போகுதே.”

பானை மூடிக்குச் சண்டை பிடிக்கிற முனாப் திரும்பியும் பார்க்கவில்லை.

“போகட்டும்.”

உள்ளே கமீலா முணுமுணுத்தாள். “அனலும் இரைச்சலும். இனி நம்மட ஜன்னல மூடிப்போட்டுத்தான் படுக்கணும்.”

“ஓம், மூடு,” என்றார் முனாப். மாடியில் றிப்னா தன் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.