ஆறு பேர் பாலிசி

அரியலூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பெரம்பலூர் சாலையில் நடக்க ஆரம்பித்தபோது மணி பதினொன்று இருக்கும். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். டீக்கடைக்காரர், ஒயர் கடைக்காரர், நான் தங்கியிருந்த ரூமின் சொந்தக்காரர். அவர்களில் ஒருவர் கண்ணில் பட்டாலும் வம்பு. காகிதத்தின்படி அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், தொடையில் பிளேட் வைத்துக் கட்டிலில் படுத்திருந்தேன்.

உண்மையில் படுத்திருந்தவன் என்னோடு ரூமில் தங்கியிருந்தவன். வேப்பந்தட்டைப் பக்கத்துக்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன். உறவு எதுவும் கிடையாது. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். அவன் விழுந்தான். விழுந்த பெயர் என்னுடையது.

ஊருக்கு வெளியே போய் மூன்றாவது நிறுத்தத்தில் பஸ் ஏறலாம் என்று நடந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மாசி மாத வெயில். தலையில் துண்டு போட்டுக்கொண்டேன். முகத்தை மறைக்க அதுவும் வசதியாக இருந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை, பாலக்காட்டில் வீட்டு ஒயரிங். ஒயரிங் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது. ஆனால் வயர்மேன் பரீட்சை எழுதவில்லை. அதனால் எப்போதும் சர்டிபிகேட் உள்ள ஒருவரின் கீழேதான் வேலை.

அரியலூரில் அப்படி ஒருவர் கிடைத்தார். நாங்கள் ஒன்பது பேர் அவரிடம் வேலை செய்தோம், எல்லோருக்கும் அவர் அண்ணன். வீட்டு ஒயரிங்கில் கட்டுப்படியாகாமல் அவர் ஆலை வேலை எடுக்க ஆரம்பித்தார். சுண்ணாம்புத் தூள் அரைக்கும் ஆலை ஒன்றில் கேபிள் இழுக்கும் வேலை. வீட்டு வேலைக்கு டெஸ்டரும் ஏணியும் போதும். ஆலை வாசலில் காகிதம் கேட்பார்கள். கான்ட்ராக்டர் லைசென்ஸ், ஆட்களுக்கு டாக்டர் சர்டிபிகேட், இவற்றுக்கெல்லாம் மேலே வேலையாட்கள் பாலிசி. வேலையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் இழப்பீடும் தருகிற பாலிசி அது. பத்துப் பேர் இல்லாததால் எங்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆளாளுக்குப் பெயர் எழுதிப் பாலிசி எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள்.

பாலிசி எடுக்கப் போனபோது அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். எங்களில் ஆங்கிலத்தில் பெயர் எழுதத் தெரிந்தவன் நான்தான். ஏஜென்ட் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வேலை தரையிலயா, உயரத்துலயாண்ணே?” என்று கேட்டார்.

“ரெண்டும்தான். எது கம்மி?”

“தரை கம்மி. உயரம்னா தலைக்குக் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு வரும்.”

“அப்ப தரைன்னே போடுங்க.”

“தரைன்னு போட்டுட்டு மேலேருந்து வுழுந்தா பைசா வராது. தரையிலேருந்து எவண்ணே வுழுவான்?”

மூவரும் சிரித்தோம். அண்ணன் விரல் விட்டு எண்ணினார். உயரத்தைக் குறைக்க முடியாது என்பதால் ஆட்களைக் குறைத்தார். ஒன்பது பேரில் ஆறு பேருக்கு மட்டும் எடுத்தார். ஆறு பெயரையும் நான்தான் எழுதினேன். மூன்றாவதாக என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மாப்ள வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவன் பெயர் வரவில்லை.

அதன் பிறகு ஆறு பெயர் நிலையாக இருந்தது, ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த செக்யூரிட்டி தலையை எண்ணுவார். லிஸ்டில் ஆறு என்றால் உள்ளே ஆறு தலை போக வேண்டும். ஹெல்மெட்டும் தூசிக்குக் கட்டிய துணியும் சேர்ந்தால் எல்லா முகமும் ஒன்றுதான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அவன் பெயரில் போவான். ஆலையில் சம்பளம் கூட என்பதால் வெளியே நின்ற மூன்று பேரும் யாருக்குக் காய்ச்சல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்ள வெளிப்படையாகவே கேட்பான்.

“மாமா, ஒனக்கு இன்னிக்கு ஒடம்பு சுடலியா?”

“போடா.”

“கண்ணு செவந்துருக்கே. படுத்துக்க மாமா, நான் பாத்துக்கறேன்.”

அவன் விழுந்ததற்கு முந்தின நாள் நான் மேலே இருந்தேன். இரண்டு மாடி உயரத்தில், கேபிள்கள் படுத்துப் போகிற இரும்புத் தட்டு ஒன்று ஓடும். அதை ட்ரே என்போம். அதன் மேலே கால் வைத்துத்தான் கேபிளை இழுக்க வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் கால் வைத்ததும் தட்டு ஒரு விரற்கடை இறங்கியது. போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. பெல்ட் கொக்கியையும் அதே தட்டில்தான் மாட்டியிருந்தேன். மெதுவாகக் காலைப் பின்னால் எடுத்து உத்திரத்துக்கு வந்தேன். பக்கத்துப் பகுதியில் போய் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை நிறுத்துவார்கள், ஆலை ஆட்கள் வந்து முறுக்கித் தரும்வரை இரண்டு மூன்று நாள் எல்லோருக்கும் சும்மா போகும், அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த இடத்துக்கு ஏற வேண்டியது என் முறை. பல் தேய்த்துக்கொண்டே மாப்ளயிடம், “இன்னிக்கு நீ போ. எனக்கு ஜெயங்கொண்டத்துல ஒரு சோலி இருக்கு” என்றேன்.

எனக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு சோலியும் இல்லை. பஸ் ஏறிப் போய், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். பரோட்டா சாப்பிட்டேன். இதை நான் பலவிதமாக மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், கொடுத்தேன் என்று. எப்படியும் ஒரு நாள் கொடுக்கத்தான் போகிறேன் என்று. பக்கத்துப் பகுதியில் ஏறுவான் என்று நினைத்தேன் என்று. எதுவும் சரியாக வரவில்லை. எனக்கு அங்கே ஏறப் பயமாக இருந்தது. அதனால் அவனை அனுப்பினேன். ஆடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான். அவன் போகாவிட்டால் நான் போக வேண்டும்.

இரண்டு மணிக்குப் போன் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் என் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து அவனைச் சேர்த்திருந்தார். ஜெராக்ஸில் என் முகம் கரிப்பிடித்தமாதிரி இருக்கும். அது யாராகவும் இருக்கலாம். அண்ணன் என்னை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போனார்.

“உள்ள போனது ஒன் பேரு. வுழுந்ததும் ஒன் பேருதான். இப்ப மாத்துனா அவனுக்கு ஒண்ணும் கெடைக்காது, என் லைசென்சும் போயிடும். புரியுதா?”

புரிந்தது. தலையாட்டினேன்.

நான்கு நாள் கழித்து, நான் நடையைக் கட்டிய அந்தக் காலையில்தான், கடைசியாக அவனைப் பார்க்கப் போனேன். தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வேலைக்குப் போக ஒரு வருடம் ஆகும், இனி உயரத்தில் ஏறுவதெல்லாம் நடக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அவன் மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வா மாமா,” என்றான் அவன். “நர்ஸம்மா ஒன் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்துருக்கு. யாரையோன்னு நான் பேசாம கெடக்கேன். காது அடைச்சிருச்சான்னு டார்ச் அடிச்சுப் பாக்குறாங்க.”

“ஒழுங்கா பதில் சொல்லித் தொலையேன்டா.”

“அது பரவால்ல. நீதான் கல்யாணம் ஆகாதவனாச்சே. இவ யாருன்னு கேட்டாங்க. தங்கச்சின்னு எழுதிட்டாரு அண்ணன். இப்ப என் பொண்டாட்டி எனக்கே தங்கச்சி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, “அண்ணே, ஒங்க பேரு இல்லன்னா இந்த ஆப்ரேசனுக்கு நாங்க எங்க போயிருப்போம்” என்றாள். கும்பிடப் போனாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆலையில் கேட்கிறார்கள் என்றார். டைப் செய்திருந்தது. என் பெயர், அதற்குக் கீழே, எனது கவனக்குறைவால் கால் தவறி விழுந்துவிட்டேன், இதற்கு வேறு யாரும் காரணமில்லை என்று இருந்தது.

“இவன் போட்டா கையெழுத்து மாறிடும். பாலிசியில போட்டமாரியே நீ போடு,” என்றார்.

“நான் எங்க கவனக்குறைவா இருந்தேன்?” என்றான் மாப்ள கட்டிலில் இருந்து. சொல்லிவிட்டு, “இருந்தாலும் இருந்திருப்பேன். போடு மாமா,” என்றான்.

ஜன்னல் கட்டையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் ஏழெட்டுதான் இருக்கும். அவற்றில் எதையும் இந்த அளவுக்கு வாசித்ததில்லை.

“நாளைக்கு இன்சூரன்ஸ்காரரு விசாரிக்க வராரு,” என்றார் அண்ணன். “ரெண்டு மாசம் நீ இந்தப் பக்கம் தலையக் காட்டாத. எங்க வேலை பாத்தாலும் ஒன் பேர்ல பாக்காத.”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

லாரிப் புழுதியில் ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். மாப்ளயிடமிருந்து போன் வந்தது. ஒரு வேப்ப மரத்தடியில் நின்று எடுத்தேன்.

“மாமா, ஒங்கப்பா பேரு என்ன? நாளைக்குக் கேட்டா சொல்லணும்ல.”

சொன்னேன். அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறந்த தேதி கேட்டான். அம்மா பெயர், ஊர், கதவு எண் கேட்டான். எல்லாவற்றையும் அவன் மனைவியிடம் திருப்பிச் சொல்வது கேட்டது. அவள் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

முடித்துவிட்டு அவன் வைக்கப் போனபோது சொன்னேன். “மாப்ள, அந்த ட்ரே ஆடும்னு எனக்கு முந்துன நாளே தெரியும். கால் வச்சுப் பாத்தேன். எறங்குச்சு. அதான் ஒன்ன அனுப்புனேன்.”

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவது கேட்டது.

“அப்டியா,” என்றான்.

பிறகு அவனே பேசினான். “எனக்கும் ஏறுனதுமே தெரிஞ்சுது. எறங்கிச் சொல்லலாம்னுதான் பாத்தேன். சொன்னா சூப்பர்வைசர் வருவாரு, நீ யாரும்பாரு. ஒன் பேரச் சொல்லணும். அப்பா பேரு கேட்டா எனக்குத் தெரியாது. நாம மாட்டிக்கிட்டா ஆறு பேருக்கும் வேலை போயிடும். அதான் பேசாம மிதிச்சேன்.”

என் பெயரைக் கொடுத்து அவனை மேலே அனுப்பினேன் என்பது தெரியும். அந்தப் பெயரால்தான் அவன் இறங்கி வர முடியாமல் போனது என்பது அதுவரை தெரியாது.

“இத எவன்ட்டயும் சொல்லாத,” என்றான். “சொன்னா வர்ற பணமும் வராது. வைக்கிறேன், நர்ஸ் வருது.”

வைத்த பிறகுதான் கவனித்தேன். கடைசியில் அவன் மாமா என்று சொல்லவில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில் பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்தேன். இரவு பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் படுத்துக்கொண்டேன். அது எனக்குப் புதிதில்லை. காலையில் டீக்கடையில், மெயின் ரோட்டில் புதிதாகக் கட்டுகிற ஒரு ஓட்டலுக்கு எலக்ட்ரீசியன் தேடுவதாக ஒருவர் சொன்னார். போய்க் கேட்டேன். மேனேஜர் நல்லவராகத்தான் தெரிந்தார். “ஆதார் காப்பி குடுங்க, இங்க எல்லாருக்கும் பாலிசி போடுறோம்,” என்றார். என் பெயர் இன்னொரு பாலிசியில் கால் உடைந்து கிடக்கிறது. எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சர்க்கரை ஆலை இருக்கிற எறையூருக்குப் பஸ் ஏறினேன். கரும்பு வெட்டு நடக்கும் காலம், யாரும் காகிதம் கேட்க மாட்டார்கள். வழியில் ஒரு கொல்லையில் ஆட்கள் கத்தியோடு நிற்பதைப் பார்த்து இறங்கினேன்.

“வெட்டியிருக்கியா?” என்றார் மேஸ்திரி.

“இல்லீங்க.”

“வேற என்ன தெரியும்?”

“எலக்ட்ரிக் வேலை.”

“கரும்புல கரண்டு ஓடாதுப்பா,” என்றார். ஒரு பெண், “ஓடுனா நல்லதுதான், தானா அறுந்து வுழும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி கத்தியை நீட்டினார். வாங்கும்போது கேட்டேன்.

“இந்தக் கொல்லையில பாத்து நடக்க வேண்டிய எடம் எதுனா இருக்குதுங்களா?”

“கரும்பு வெட்ட வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றவர், கையை நீட்டிக் காட்டி, “வடக்கு ஓரத்துல ஒரு கெணறு இருக்கு. சுத்துச் சுவரு கெடையாது. சோகை மூடிக் கெடக்கு,” என்றார்.

காய்ந்த இலைகள் குவிந்து அங்கே கிணறு இருப்பதே தெரியவில்லை. வடக்கு ஓரத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் வந்தவர் போலிருந்தது. மேஸ்திரி சொன்னதைக் கேட்டு அவர் திரும்பித் தன் காலடியைப் பார்த்தார்.

நான் போய் அவரை உள்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். கத்தியின் முனையால் சோகையை விலக்கி விலக்கி, கிணற்றின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறவரை போனேன். விளிம்பை ஒட்டி நாலு கரும்பை வெட்டி நட்டு வைத்தேன்.

“யோவ், நடவு நாளைக்கு. இன்னிக்கு வெட்டுய்யா,” என்று மேஸ்திரி கத்தினார்.

அந்த ஓரத்து வரிசையை நானே எடுத்துக்கொண்டு குனிந்தேன்.