வெயிலை மூடிய சீலை

எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற வருடத்தைப் புத்தூரில் எல்லோரும் திட்டும்போது கனகாம்பிகை பேசாமல் இருப்பார். கணவர் இறந்த பிறகு அவர் வாய் நிறைய மனிதரோடு கதைத்தது அந்த வரிசையில்தான். வெறும் மண்ணெண்ணெய்க் கானோடு வெயிலில் நின்ற தாயின் படத்தை யாரோ அனுப்ப, கனடாவில் இருந்த மகன் சுபாஸ்கரனுக்கு மனம் கேட்கவில்லை. மொட்டைமாடியில் சோலர் தகடுகளைப் பூட்டுவித்தான். மின்னடுப்பும் வந்தது. அதன்பின் அவர் வாசற் படலையைத் திறந்து வெளியே போக வேண்டிய தேவையே குறைந்துபோயிற்று.

தகடுகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்பது அவனுடைய தொலைபேசியில் தெரியும். மாசி மாதம் ஒருநாள், வீட்டில் அதிகம் சுடும் இடம் அதுதானே என்று கனகாம்பிகை தகடுகளின் மேல் சீலை விரித்து, பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயப்போட்டார். காலை பத்தரைக்கு மகனின் அழைப்பு வந்தது. கனடாவில் நடுச்சாமம், அவனுடைய இரவு வேலையின் இடைவேளை.

“அம்மா, கரண்ட் பாதியாய் விழுந்திட்டுது. என்ன நடந்தது?”

“ஒடியல் காயுது மோனை.”

“கடவுளே! சோலரிலை ஒடியல் காயப்போட்ட ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்.”

சிரித்தான். மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னான். மாதத்தில் ஒருமுறை, அதுவும் அவசரமாக அழைப்பெடுப்பவன் அன்று இருபது நிமிடம் கதைத்தான்.

அடுத்த கிழமை ஒடியல் இல்லை. சீலையை மட்டும் விரித்தார். அன்றும் எடுத்தான். மூன்றாம் முறை, காற்றுக்குப் பயந்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தொலைபேசி அடிக்கவில்லை. பின்னேரம் தகடு பூட்டியவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். போய்ப் பார்க்கச் சொல்லி மகன் செய்தி அனுப்பியிருந்தானாம். மேலே போனவர் சீலையை மடித்துக்கொண்டு இறங்கினார்.

“இது பறந்து வந்து விழுந்த சீலை இல்லையம்மா. கல்லெல்லாம் வைச்சுக் கிடக்கு.”

“அவனிட்டைச் சொல்லாதேங்கோ தம்பி.”

“சொல்லாட்டி, நான் பூட்டினதிலைதான் பிழையெண்டு நினைப்பார். நீங்களே சொல்லுங்கோ.”

வந்தவரே மகனுக்கு அழைப்பெடுத்துத் தொலைபேசியை அவரிடம் நீட்டினார்.

“கரண்டிலை பிழையில்லை மோனை. நான்தான் மூடினனான்.”

“ஏனம்மா?”

“மூடினால் நீ எடுப்பாய்.”



“பிறகு எடுக்கிறன்” என்றான்.

மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் பத்தரைக்கு எடுத்தான். மின்சாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை போலும்.

“அங்கை வெயிலோ?”

“ஓம். நல்ல வெயில்.”

அதற்குப் பிறகு இருவருக்கும் கதையில்லை. ஆனாலும் இடைவேளை முடியும் மட்டும் அவன் தொலைபேசியை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.