ரெஜினாவும் புல்லட்டின் ஐந்து குளிர்காலங்களும்

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இருந்தன. பெங்களூர் மர்பி டவுனில் ரெஜினா வீட்டுப் பின்பக்கம், ஒரு பிளாஸ்டிக் டப்பில், அவளுடைய ஆமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அவள் மருத்துவமனையில் இருந்தாள். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுச் சாவியும் ஆமையும் என் பொறுப்பு. மஸ்கட்டிலிருந்து முந்தின நாள் வந்திறங்கிய அவள் தம்பி சேவியர் போன் செய்தான். ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டேன்.

"வசந்தாக்கா, அக்கா போயிட்டாங்க" என்றான்.

நான் உடனே எழுந்து ஓடவில்லை. ஆமை தண்ணீரில் இருபது நிமிடம் இருக்க வேண்டும். பிறகு துடைத்து விளக்கடியில் விட வேண்டும். அப்போது பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. மிச்சம் எட்டு நிமிடமும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு ஆமையைத் துடைத்து விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டுப் போயிருந்தால் ரெஜினா எழுந்து வந்து திட்டியிருப்பாள்.

'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளோடு வேலை பார்த்த நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நம் பள்ளியில் அவள் இருபத்தாறு வருடம் கணக்கு எடுத்தாள். நான் தமிழ். ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம். நான் எதையாவது உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னால், திருத்திக்கொண்டிருக்கும் விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "அது சரி, ஸ்டெப்ஸ் எங்க?" என்பாள். பிள்ளைகளிடம் கேட்கிற அதே கேள்விதான். பிரின்சிபலிடமும் ஒருமுறை கேட்டாள். அது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆமை அவளாக விரும்பி வாங்கியது இல்லை. பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த சேவியர் வளர்த்தது. நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். இது ஆப்பிரிக்க இனம், முறையாகப் பதிவு செய்த காகிதம் உண்டு. ஓட்டுகிற பைக்கின் பெயரையே இதற்கும் வைத்திருந்தான்: புல்லட். மஸ்கட்டில் வேலை கிடைத்ததும் ஒரு ஜூன் மாதம் பைக்கை விற்றுவிட்டு ஆமையை அக்காவிடம் கொண்டுவந்து விட்டான். ரெண்டே வருஷம், திரும்பி வரும்போது உயிரோடு இருந்தால் போதும் என்றானாம். அந்தக் கடைசிப் பேச்சு அவளை உறுத்திவிட்டது. உயிரோடு இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால், நன்றாகவே வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவள் அவள்.

ஜூனில் வந்த ஆமை நவம்பர் வரை ஆட்டுக்குட்டி மாதிரி மேய்ந்தது. டிசம்பர் பிறந்ததும் நின்றுவிட்டது. நம் ஊர் டிசம்பர்தான் தெரியுமே. காலையில் பால் வாங்கப் போகிற ஆள் மங்கி கேப்போடு போவார். புல்லட் ஒரு மூலையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. தக்காளி வைத்தாள், வெள்ளரிக்காய் வைத்தாள், வாழைப்பழம்கூட வைத்தாள். அது எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் பார்க்கும் தம்பிக்கு, தூங்குகிறான் தூங்குகிறான் என்றே இரண்டு வாரம் சொல்லிச் சமாளித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் போனை வைத்ததும் அவளுக்கு வியர்க்கும்.

அடுத்து நடந்ததில் எனக்கும் பங்குண்டு. குளிர் என்றால் பெங்களூர்க்காரிக்கு முதலில் என்ன தோன்றும்? ஸ்வெட்டர். நான்தான் யோசனை சொன்னேன், நான்தான் பின்னினேன். ரெஜினா சுற்றளவு, நீளம் எல்லாம் தசமப் புள்ளி வரை அளந்து கொடுத்தாள். நீலக் கம்பளி, கால்களுக்கு நான்கு ஓட்டை. போட்டுப் பார்த்தால் அத்தனை அழகு. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் போட்டோவைப் பார்த்துக் கொஞ்சினோம். நான்கு நாள் கழித்துப் புல்லட் இன்னும் மோசமானது. கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆட்டோ பிடித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்வெட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார்: "ஸ்வெட்டர் பேடம்மா, இதக்கெ பிசிலு பேக்கு." ஸ்வெட்டர் வேண்டாம், இதற்கு வெயில்தான் வேண்டும். நமக்கு உடம்புக்குள்ளே சூடு உண்டு, கம்பளி அதைக் காப்பாற்றும். ஆமைக்குச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆறிப்போன டீ கெட்டிலுக்கு உறை போட்டால் டீ சூடாகிவிடுமா என்று கேட்டார். உடம்பு குளிர்ந்தால் தின்றது செரிக்காது, அதனால்தான் தின்ன மறுக்கிறது, பழமும் தக்காளியும் கொடுத்துக் கெடுக்காதீர்கள், புல்லும் இலையும் கொடுங்கள் என்றார். கணக்கு டீச்சர் ஒருத்தி, தமிழ் டீச்சர் ஒருத்தி, இருவரும் எட்டாம் வகுப்பு அறிவியலில் ஃபெயிலான மாதிரி தலையாட்டிவிட்டு வந்தோம்.

பகலில் மாடி வெயில் கிடைத்தது. ஆனால் டிசம்பர் வெயிலை நம்ப முடியாது, பாதி நாள் மேகம். ஒரு விளக்கைத் தொங்கவிட்டாள். புல்லட் அதன் அடியில் நிற்காமல் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. மருத்துவர் இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும் என்பதுபோல் பேசியிருந்தார். அந்த வாரம் ரெஜினா வகுப்பில்கூட யாரையும் திட்டவில்லை. அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், காலை பதினோரு மணி இருக்கும், போன் செய்தாள். "ஏம்மா, சீக்கிரம் வா. புல்லட்டு குடிலை மேயுது."

கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால் திருவருகைக் காலம் தொடங்கியதும் தட்டுகளில் ராகி விதைத்து முளைக்க விடுவார்கள். குழந்தை இயேசுவின் குடிலைச் சுற்றிப் புல்வெளி மாதிரி அதை அடுக்குவார்கள். ரெஜினா குடிலைத் தரையிலேயே கட்டுவாள். கூரையில் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று பகலிலும் எரியும். நான் போனபோது புல்லட் இரண்டு இடையர்களையும் ஓர் ஒட்டகத்தையும் தள்ளிவிட்டு, சரியாகப் பல்புக்கு அடியில் நின்று, ராகி நாற்றை ஒரு வரிசையாகக் கடித்துக்கொண்டிருந்தது. சூடும் தீனியும் ஒரே இடத்தில் இருந்ததால் தானாகவே தேடிப் போயிருக்கிறது. நான் பொம்மைகளை எடுக்கக் குனிந்தேன். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் விடு. பெத்லகேமையே தின்னட்டும்" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

குடிலின் வைக்கோல் பல்பு சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று மறுநாளே அதை எடுத்துவிட்டு ஓடு பரப்பினாள். பல்பைக் கம்பியால் கட்டி ஒரு முழ உயரத்தில் நிறுத்தினாள். சுவரில் பள்ளிக்கூடத்து டைம்டேபிள் ஒட்டினாள்: முதல் பீரியட் சூடு, இரண்டாவது குளியல், மூன்றாவது திரும்பவும் சூடு, நான்காவதுதான் சாப்பாடு. எனக்குச் சொல்லும்போது, "சூடு ஏறாத வயித்துல தீனி வெக்காத" என்பாள். வாரம் ஒரு தட்டு ராகி, பக்கத்து வீட்டுச் செம்பருத்தி இலை, எங்கிருந்தோ முசுக்கட்டை இலை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தால் எல்லா வீட்டிலும் குடிலைப் பிரிப்பார்கள். அவள் பிரிக்கவில்லை. வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குத்தந்தை பார்த்துவிட்டு, என்ன மிஸ், இன்னும் கிறிஸ்துமஸா என்று கேட்டாராம். குளிர் போகட்டும் ஃபாதர் என்றாளாம். கிறிஸ்துமஸ் குடில் சிவராத்திரி வரை நின்ற வீடு இந்த ஊரிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். ஐந்து வருடமும் அப்படித்தான் நின்றது.

சேவியரின் இரண்டு வருடம் நீண்டுகொண்டே போனது. அவன் புல்லட்டைத் திரும்பக் கேட்பானோ என்று அவள் உள்ளூரப் பயந்தாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், ஆனால் அதற்கு முன் அவனுக்கு எழுத்துத் தேர்வு வைத்திருப்பாள்.

புல்லட் குடிலை மேய்ந்ததற்கு அடுத்த டிசம்பரில் எட்டாம் வகுப்பில் நடந்தது பலருக்குத் தெரியாது. ஒக்கலிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒரு பெண், முதல் பீரியடில் பெஞ்சில் சாய்ந்தே கிடப்பாள். சோம்பேறி என்று நானே அவளை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். வீட்டில் ஏதோ பிரச்சினை இருக்கும் என்றும் நாங்கள் பேசிக்கொண்டோம். ரெஜினாவோ அந்தப் பெண்ணைக் கிழக்கு ஜன்னலோரம் வெயில் விழும் பெஞ்சுக்கு மாற்றினாள். பையில் வைத்திருந்த வேர்க்கடலை மிட்டாய் ஒன்றைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டதற்கு, "முதல்ல ஈஸியானதை செக் பண்ணும்மா. குளிரா, பசியான்னு" என்றாள் ரெஜினா. அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து சேவியர் மஸ்கட் திரும்ப வேண்டியிருந்தது. புல்லட்டை என்ன செய்வது என்று அவன் கேட்பதற்குள் நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விளக்கு, தட்டு, டைம்டேபிள் எல்லாம் கூடவே வந்தன. வந்த நாளிலிருந்து புல்லட் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: வாயில்லா ஜீவன், அம்மாவைத் தேடுகிறது. என் கணவரும் சொன்னார். நானும் நம்பினேன். நம்பியது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளைப் பற்றி அதனிடம் பேசி அழுதேன். நானும் சரியாகச் சாப்பிடவில்லை. இப்படி ஒன்பது நாள் போயிற்று. துக்கம் என்று முடிவு கட்டிவிட்டால் வேறு எதையும் சரிபார்க்கத் தோன்றுவதில்லை. பத்தாம் நாள் தூக்கிப் பார்த்தேன், கையில் எடையே இல்லை. அப்போதுதான் பயம் வந்தது. அவளுடைய தம்பி ஒப்படைத்ததை ஐந்து குளிர்காலம் காப்பாற்றி அவள் விட்டுப் போயிருக்கிறாள். நான் ஒரு மாதம் முடிவதற்குள் கொன்றுவிடப் போகிறேன்.

வீட்டைக் காலி செய்தபோது சேவியர் ஒரு கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்திருந்தான். புல்லட்டைப் பற்றி அவள் எழுதி வைத்தது. அந்தக் கையெழுத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அலமாரியில் வைத்திருந்தேன். அன்று எடுத்துப் பிரித்தேன். இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "மூன்று நாள் வேளாங்கண்ணி போய் வந்தேன். திரும்பியதிலிருந்து தின்னவில்லை. என்னைத் தேடி ஏங்குகிறது என்கிறாள் வசந்தா. ஏக்கம் இல்லை. தரை குளிர்ந்திருக்கிறது. சாக்கு போட்டேன். தின்றது."

நான் சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். என் வீட்டுத் தரையில் கையை வைத்துப் பார்த்தேன். கிரானைட், ஐஸ் மாதிரி இருந்தது. விளக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது, வயிறு மட்டும் அத்தனை நாளும் குளிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு சாக்கை மடித்துப் போட்டேன். விளக்கை ஒரு சாண் இறக்கினேன். மருத்துவரிடமும் ஒருமுறை காட்டி வந்தேன். மூன்றாம் நாள் நான்காவது பீரியடில் புல்லட் கழுத்தை நீட்டி ஒரு செம்பருத்தி இலையைக் கவ்வியது. அடுத்து இன்னொன்று. ஏழு இலை தின்றது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பவை ஓர் ஆமை, ஒரு நோட்டு, அழுவதற்கு முன் தரையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

அன்றைக்கே சேவியருக்குப் போன் செய்து சொன்னேன். "அக்காவையே நெனச்சு ஏங்கிட்டு இருந்தான் போல. இப்பதான் தேறியிருக்கான்" என்றான்.

"இல்லப்பா. அவனுக்கு இருந்தது வெறும் குளிரு" என்றேன். "ஏக்கம் எனக்குத்தான்."