சுத்துக்குழாயில் சிக்கிய மணல்

சுரங்கத்திலிருந்து வெளிவரும் கல், மணல், சேறு எதையும் அதிகாரி முன்னிலையில் அல்லாமல் எவரும் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. தங்கத் திருட்டைத் தடுக்க எழுதியது. புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவனை இது பிடிக்கும் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. சுரங்க ஆபீஸ் ரைட்டரான எனக்கும் தோன்றவில்லை.

சுரங்க மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் பங்களாப் புல்வெளிக்கென்று கப்பலில் ஒரு ஸ்பிரிங்க்ளர் வந்திருந்தது. நாங்கள் சுத்துக்குழாய் என்போம். தண்ணீரைத் திறந்தால் அதன் இரண்டு கைகளும் சுற்றிச் சுற்றித் தெளிக்கும். அந்தச் சித்திரையில் அது சுற்றுவதை விட்டுவிட்டு, ஒரே திசையில் துரையின் நாற்காலியை மட்டும் நனைத்தது. தண்ணீரில் வேகம் குறைந்திருக்கும் என்று முதலில் நினைத்தோம். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லைனில் பெண்கள் குடம் பிடிக்கும் நேரத்தில் அப்படி ஆவதுண்டு. அவர்கள் போன பிறகும் நாற்காலிதான் நனைந்தது. தோட்டக்காரர் ஒரு கையைக் கழற்றி, மனைவியின் தையல் ஊசியால் துளையைக் குத்தினார். ஒரு சிட்டிகை மணல் உள்ளங்கையில் விழுந்தது. பங்களாத் தொட்டிக்கு வருவது சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டிலிருந்து இறைத்த தண்ணீர்.

வாசல் காவல்காரர் பார்த்துவிட்டார்.

“கையில இன்னாய்யா?”

“மண்ணுங்க.”

“இந்த ஊர்ல வெறும் மண்ணுன்னு ஒன்னு கெடையாது. தெற கையை.”

மணலைக் காகிதத்தில் மடித்து அரக்கு வைத்தார்கள். ஊசி சாட்சிப் பொருளானது. குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு லைன் வீடும் போகும். அவர் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம்.

“ரைட்டரே, இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. இவளை எங்க இட்டுகினு போவேன்?”

“சொல்றவங்களை எழுதித் தரச் சொல்லுங்க” என்றேன்.

விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். விசாரணை முடியும்வரை ஆளையும் வீட்டையும் தொடக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. மணலைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது சீமையிலிருந்த தலைமை அலுவலகம். துரை கையெழுத்திட்ட கடிதத்தை மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேற்றினேன். மணலைச் சேர்க்க மறந்துவிட்டேன். நான் எதையும் மறப்பவனல்ல.

இணைப்பு எங்கே என்று கேட்டுக் கடிதம் திரும்பி வருவதற்குள் பெண் குழந்தை பிறந்து பெயரும் வைத்தாயிற்று. பிறகு மணலை அனுப்பினேன்.

தீர்ப்பு வரும்வரை சுத்துக்குழாயில் கழற்றிய கையும் சாட்சிப் பொருள்தான். கிடந்த இடத்திலேயே அதை விட்டு, சுற்றிலும் கயிறு கட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே குடத்தில் தண்ணீர் சுமந்து புல்வெளியைக் காப்பாற்றினார். மழை தொடங்கியதும் கயிற்றுக்குள் மட்டும் புல் முழங்காலுக்கு வளர்ந்தது. அதை வெட்ட அனுமதி கேட்டுத் துரை எனக்கு ஒரு மனு எழுதினார். விசாரணையில் இருக்கிறது என்று பதில் எழுதினேன்.

தலைமை அலுவலகம் இரண்டே வரி எழுதியிருந்தது: மணலில் தங்கம் இல்லை. துளை அடைத்தால் ஊசியால் குத்தவும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு லைனுக்கு நடந்தேன். அவர்கள் வீட்டுப் பாயில் குழந்தை முதல்முறையாகக் குப்புற விழுந்திருந்தது. தீபாவளிக்கு முதல் நாள்.