தேங்காய்ச் சொட்டும் மீன்பெட்டியும்

எங்கள் வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் நெடுங்கேணிக்குப் போகிற வீதி கிடக்கிறது. பெரிய போக்குவரத்து ஒன்றுமில்லை. காலையில் இரண்டு பஸ், ஒரு பள்ளிக்கூட வான், விதைப்புக் காலமென்றால் உழவு மெசின்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே பொய்க்காலும் கையில் ஊன்றுதடியுமாக நடக்கிறவருக்கு அந்த இருபதடித் தார் ஒரு குளத்தின் அகலம். அப்பா பல வருடங்கள் அதைத் தனியாகக் கடந்ததில்லை. நானோ அம்மாவோ கூடப் போகவேண்டும். ஆளில்லாத நாட்களில் வாசற் படலையடியில் கதிரையைப் போட்டு, அங்கால் தெரிகிற வரம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாய் வந்த பிறகுதான் அது மாறியது. மதகுக்குக் கீழே நனைந்து கிடந்த குட்டியை அப்பாவே சாறத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். அது வளர வளர அவருக்கு ஒரு துணிச்சல் வந்தது. கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, "வா மோனை" என்று அதனோடு கதைத்தபடி தானே வீதியைக் கடந்து வயலுக்குப் போகத் தொடங்கினார். என்னைத்தான் அதுவரை மோனை என்று கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் கொஞ்சக் காலம் நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்; பிறகு நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை அப்பா விழுந்துவிட்டார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அண்ணை தூரத்திலேயே ஹோர்னை அமத்தத் தொடங்குவார். அந்தச் சத்தத்துக்கு நாய் பாய்ந்தது. கயிறு இழுத்ததில் அப்பா வீதிக்கரையில் முகம்குப்புற விழுந்தார். மீன்கார அண்ணைதான் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். முழங்கையில் தோல் போனது, வேறொன்றுமில்லை. ஆனால் அம்மா முடிவெடுத்துவிட்டார்.

"கௌரிக் காப்புக் கட்டி முடியுமட்டும் பாப்பன். அதுக்குள்ள உந்த நாய் திருந்தேல்லை எண்டால் கனகராயன்குளத்துத் தம்பியிட்டக் குடுத்திடுவன்."

"குடுத்தால் நான் வயலுக்கு எப்பிடிப் போறது?" என்றார் அப்பா.

"முந்தி மாதிரிக் கதிரையில இருங்கோ."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அப்பா அன்று சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்தவன் நான்தான். ஆகவே மின்சாரப் பட்டியலிலிருந்து மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற எழுத்துவரை எல்லாம் என்னிடம்தான் வரும். நாயும் வந்தது. நானும் அதை ஒரு பாடமாகத்தான் எடுத்துக்கொண்டேன். போனில் வீடியோக்கள் பார்த்தேன். கொப்பியில் கோடு கீறி, தேதி, தூரம், எத்தனை தரம் என் முகத்தைப் பார்த்தது என்று பத்திகள் பிரித்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நாய்க்கும் ரிப்போட் குடுப்பியோ? வகுப்பில எத்தினையாம் பிள்ளை?" என்றார்.

வீடியோக்கள் எல்லாம் சொன்னது ஒன்றுதான். வேறு பக்கம் இழுபடுகிற நாயைக் கத்திக் கூப்பிடாதே. தூரத்தில் நிறுத்து, பொறு. அது தானாகத் திரும்பி உன் முகத்தைப் பார்க்கிற நேரம் அதற்கு மிகப் பிடித்ததைக் கொடு. எங்கள் நாய்க்கு மிகப் பிடித்தது எது என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. குசினியிலிருந்த கருவாட்டுப் பேணியைத் தூக்கினேன்.

வேலைக்குப் போகமுதல் ஒவ்வொரு காலையும் வளவுக்குள் பாலைமரத்தடியில் பழக்கினேன். நாலே நாளில் அது என் முகத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. கோழி போனது, பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஆடு கயிறறுத்து வந்தது, பார்க்கவில்லை. கொப்பி நிறையச் சரி போட்டேன். ஐந்தாம் நாள் வீதிக்கரைக்குக் கொண்டுபோனேன். ஹோர்ன் கேட்டது. நாய் என்னையும் இழுத்துக்கொண்டு மீன்பெட்டியில் போய் முன்னங்கால்களை வைத்தது.

மீன்கார அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். "தம்பி, என்ன குடுத்துப் பழக்கிறியள்?"

"கருவாடு."

"அப்ப எனக்கெல்லோ வாடிக்கை பிடிச்சுத் தாறியள்! உங்கட கையில ஒரு துண்டு. என்ர பெட்டியில அம்பது கிலோ. அது மடைச் சாதியே, உங்களிட்ட நிக்க?"

கொப்பியை மூடிவைத்துவிட்டு அன்றைக்குக் கந்தோர் வேலைக்குப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. மீன் வாசத்தைத் தேடு, கூலி கிடைக்கும் என்பதைத்தான் நாலு நாளும் வலு கவனமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் கௌரி விரதம் தொடங்கியது. கடைசி நாள் காப்புக் கட்டும்வரை இருபத்தொரு நாள் வீட்டில் மீன், மச்சம் ஒன்றுமில்லை. அம்மா சட்டி பானையெல்லாம் சாம்பல் போட்டு மினுக்கி, கருவாட்டுப் பேணியை மூடியோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நான் பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு நிலத்தில் போட்டது. பாண் துண்டையும் அப்படித்தான். மூன்றாம் நாள் அம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நாய் குசினி வாசலில் இருந்து, கண் வெட்டாமல் அவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிதறிய தேங்காய்ப் பூவை நக்கியது, பிறகும் பார்த்தது. நான் தேங்காய்ப் பருப்பில் ஒரு துண்டு, ஒரு சொட்டைக் கெல்லி வாங்கி, நகமளவுக்கு நறுக்கினேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பாலைமரத்தடி, கிணற்றடி, படலை, வீதிக்கரை என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நாள். அந்தக் கிழமைகளில் ஊரில் ஒருவரும் மீன் வாங்கவில்லை. ஆனாலும் அண்ணை புளியங்குளச் சந்திக்குப் போகிற வழியில் எங்கள் படலைக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். மூடியைக் கொஞ்சம் திறந்து, ஹோர்னை இரண்டு தரம் அமத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பார். "ஊர் முழுக்க விரதம். உங்கட நாயாவது என்ர பெட்டியைப் பாக்குதே, அது காணும்!" இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். அவர் அப்படி நிற்காவிட்டால் என்னால் ஒன்றும் பழக்கியிருக்க முடியாது.

விரதத்தின் பதினாலாம் நாள், பெட்டி திறந்திருக்க, நாய் அதைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அண்ணை கை தட்டினார். அப்பாவைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தேன்.

அவர் கையில் அது பழைய நாயாகவே இருந்தது. ஹோர்ன் அடித்தால் பாய்ந்தது. அடுத்த நாளும் அப்படியே. "உன்னட்டப் படிச்சது உன்னைத்தான் கேக்கும்," என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் நான் நாயைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தேன். ஹோர்ன் சத்தம் வந்ததும் முதலில் திரும்பியது அவர்தான். விழுந்த நாளின் பயம் உடம்பில் இருந்தது. கழுத்து வெடுக்கென்று வீதிப் பக்கம் போனது, கயிற்றுக் கை இறுகியது. அதற்குப் பிறகுதான் நாய் பாய்ந்தது. சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். அம்மா சொன்ன கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

"அப்பா, அவன் இல்லை. நீங்கள்தான் முதல்ல பதகளிக்கிறியள். உங்கட கை இறுகினவுடன அவன் பாயிறான்."

அவர் தடியை நிலத்தில் ஒரு குத்துக் குத்தினார். "அப்ப இனி என்னையுமோ பழக்கப் போறாய்? நீ படிச்ச ஆள், ஓம்." கயிற்றை என் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் விடிய எழும்பினபோது நாய் கட்டின இடத்தில் இல்லை. குசினிக்குள்ளிருந்து அம்மாவின் சத்தம்: "இஞ்ச அரை மூடித் தேங்காய் வச்சனான், எங்க போட்டுது?" படலைக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். வீதிக்கு ஐந்தடி இப்பால் அப்பா நின்றார். சட்டைப்பை பொம்மியிருந்தது. பள்ளிக்கூட வான் போனது. அப்பா தலையைத் திருப்பாமல் நாயின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கயிறு தொய்ந்து கிடந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பிவந்தேன். கொப்பியில் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாளும் அவர் போனார், அதற்கடுத்த நாளும்.

காப்புக் கட்டி முடிந்த மறுநாள் ஊருக்கே மீன் ஆசை. அண்ணை பெட்டி நிறையக் கொண்டுவந்து எங்கள் படலைக்கு எதிரே நிறுத்தினார். ஐந்தாறு பெண்கள் சட்டியோடு சூழ்ந்துவிட்டார்கள். அம்மா சட்டியை வைத்துக்கொண்டு படலையிலேயே நின்றார், போகவில்லை. நான் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி மதகில் நின்றேன். அப்பா நாயோடு வந்தார். என்னைப் பார்த்து, "நீ வராத," என்றார்.

வீதிக்கு ஐந்தடி இப்பாலேயே நின்றார். அண்ணை மூடியை முழுக்கத் திறந்து, வேண்டுமென்றே ஹோர்னையும் ஒரு அமத்து அமத்தினார். "பொறும், மனுசனை விழுத்தப் போறீர்!" என்று ஒரு பெண் ஏசினார். நாயின் மூக்கு மேலே போனது. பெட்டிப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தது. அம்மாவின் கை சட்டி விளிம்பில் இறுகியது. அப்பா இழுக்கவில்லை, கூப்பிடவில்லை. ஒரு உழவு மெசின் சேற்றைச் சிதறடித்துக்கொண்டு கடந்து போனது. பின்னும் நின்றார். நாய் எடுத்து வைத்த காலைத் திருப்பி எடுத்து, தலையை உயர்த்தி அவரின் முகத்தைப் பார்த்தது.

"அப்பிடித்தான் மோனை," என்று சொட்டைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இருவரும் அவசரமில்லாமல் வீதியைக் கடந்தார்கள். அந்தக் கரையில் வரம்பில் ஏறும்போது தடி சேற்றில் புதைந்தது. நாய் நின்றது, அவர் தடியை உருவுமட்டும் காத்துக்கொண்டு. பிறகு பச்சை பிடித்திருந்த பயிருக்குள் இரண்டு பேரும் நடந்து போனார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தார். பிறகு சட்டியோடு மீன்பெட்டியடிக்குப் போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "மத்தியானச் சாப்பாட்டை நான் வயலுக்கே கொண்டுபோறன். அந்த மனுசன் இண்டைக்கு இனித் திரும்பாது."