சிம்னி சொன்ன காற்று

போன ஞாயிறு, காலை ஐந்தரை மணி. மொட்டை மாடியில் நின்று அனல்மின் நிலையத்துச் சிம்னியைப் பார்த்தேன். புகை அழகாகக் கடல் பக்கம் சாய்ந்திருந்தது.

"கல்பனா, கிளம்பு! தரைக்காத்து! இன்னைக்கு அலை சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்!"

கல்பனா என் மனைவி. என் அலைச்சறுக்கு ஆசைக்கு அவள் வைத்த கெடு அன்றோடு முடிகிறது. போர்டு வாங்கி நாலு மாசம். எனக்கு வயசு நாற்பத்தேழு. அலை மேல் ஒரு தடவைகூட எழுந்து நின்றதில்லை — படுத்திருக்கிறேன், விழுந்திருக்கிறேன், உப்புத் தண்ணி குடித்திருக்கிறேன். "இந்த வாரமும் நிக்கலேன்னா யாருக்காவது குடுத்துடணும். ஊட்ல நடக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். அந்தப் போர்டு மேல் துணி வைத்து இஸ்திரி போடுவது அவள்தான் என்பது வேறு விஷயம்.

போனில் ஒரு ஆப் இருக்கிறது. காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது, அலை சரியில்லை என்று சிவப்பில் காட்டியது. போய்யா! இருபது வருஷமாக மீஞ்சூரில் இருக்கிறவனுக்கு ஆப் எதற்கு? புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் ஜன்னலையே சாத்துவோம்.

பழவேற்காடு பக்கம் கடற்கரைக்குப் போனால்... கடல் எளாவூர் செக்போஸ்ட் லாரிகள் மாதிரி முட்டி மோதிக்கொண்டிருந்தது. மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார் ஏகாம்பரம். நான் விழுவதை வாரா வாரம் டிக்கெட் இல்லாமல் பார்க்கும் மீனவர்.

"இன்னிக்கு வேணாம் சார். காத்து மூஞ்சில அடிக்குது. தண்ணி வேற வடக்கால இஸ்துக்கினு போவுது."

"அந்தச் சிம்னியைப் பாருங்க ஏகாம்பரம்" என்றேன், தூரத்தில் தெரிந்த புகையைக் காட்டி, கெத்தாக.

பார்த்தார். "அது அவ்ளோ உசரத்துல அடிக்கிற காத்து. நீ இன்னா சார், அங்கயா சவாரி பண்ணப் போற?"

கல்பனா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தண்ணீரில் இறக்கியது. ரோஷம்!

மூன்றாவது அலை புரட்டிப் போட்டது. தலையைத் தூக்கினால் கரை இருக்கிறது, கல்பனாவைக் காணோம். அவள் நின்ற இடத்திலேயேதான் இருந்தாள். நான்தான் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். கை ஓய நீந்தியும் ஒரு அடி திரும்ப முடியவில்லை. பொய் சொல்வானேன்... பயந்துவிட்டேன். "முருகா" என்று கத்தியதுகூட நினைவிருக்கிறது.

கரையோடு ஏகாம்பரம் ஓடி வந்தார். "எதுத்து நீஞ்சாத சார்! பலகைய கெட்டியா புடி! அதுகூடவே போ, விட்டுரும்!" பின்னாலேயே கல்பனா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

விட்டது. அரை கிலோமீட்டர் தள்ளி என்னை மணலில் கொட்டியது.

வந்த வேகத்தில் முதுகில் ரெண்டு வைத்தாள். "இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்க?" பதினெட்டு வருஷத்தில் 'ஏங்க' போய் 'யா' வந்தது அன்றைக்குத்தான். அப்புறம் அழுதாள். நானும்தான். ஏகாம்பரம் நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பி போர்டில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

பிறகு, பக்கத்துப் படகில் கம்பு நுனியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டினார். "காத்து பாக்கணும்னா இத்த பாரு சார். உன் தலை உசரத்துல இன்னா பறக்குதோ, அதான் உனுக்கு காத்து."

நம்மில் பாதிப் பேருக்கு இதே வியாதிதான், இல்லையா? எங்கேயோ உச்சியில் நடப்பதை அண்ணாந்து பார்த்தே முடிவெடுக்கிறோம். மூஞ்சியில் அடிப்பது உறைக்க மாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்ததும் போர்டைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். கெடு முடிந்துவிட்டது. யாருக்குக் கொடுக்கலாம் என்று மனசுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடிகாலை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளின் குரல்.

"ஏங்க! கொடியில நைட்டி கடல் பக்கமா பறக்குது! ஏகாம்பரம் அண்ணனுக்குப் போன் போட்டு கேட்டுட்டேன், தண்ணி இஸ்துக்கினு போவலியாம். போர்ட எடுத்துக்கினு கெளம்புங்க!"

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் கம்பெனிக்கு உடனே லீவ் மெயில் தட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'நைட்டி' என்று எழுதத்தான் கை வரவில்லை.